கயிறு இல்லாத கூட்டாளி

வாசுதேவநல்லூருக்கு மேற்கே, தலையணைப் பக்கம், பளியர் குடியிருப்பு இருக்கிறது. இவர்களைப்போல் மேற்குத் தொடர்ச்சி மலையில் தேனெடுக்கும் பழங்குடிகள் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கிக்கொண்டு மலைத்தேன் அறுக்க இறங்குபவர், மேலே கயிற்றைக் காக்கும் பொறுப்பை மனைவியின் உடன்பிறந்தவரிடம்தான் கொடுப்பார். கூடப்பிறந்த அண்ணன் தம்பியாக இருந்தாலும் நம்பமாட்டார். அக்கா தங்கையின் தாலிக்கு உலை வைக்கும் மச்சினன் இருக்கமாட்டான் என்பது கணக்கு. அங்கிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் தூத்துக்குடிக் கடல். முத்துக்குளித்துறையிலும் இதையேதான் சொல்வார்கள்: இறங்கியவரின் கயிறு மச்சினன் கையில்.

மலைக்காரரும் கடற்காரரும் பேசிவைத்துக்கொண்டா இந்த ஒரே முடிவுக்கு வந்தார்கள்? இரண்டு இடத்திலும் ஆபத்தின் அமைப்பு ஒன்றாக இருந்தது. ஒருவர் உயிரைப் பணயம் வைத்து இறங்குகிறார், இன்னொருவர் மேலே நிற்கிறார், நடுவில் ஒரு கயிறு. ஸ்கூபா டைவிங்கில் அந்தக் கயிறு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு விதி இருக்கிறது: தனியாக இறங்காதே, கூட்டாளியோடு இறங்கு. உலகம் முழுக்கப் பயிற்சி வகுப்புகளில் முதல் நாளே சொல்லித்தரும் விதி இது. இது நல்ல விதியா, நல்ல விதி என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றா என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பழைய முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பைப் பார்த்த ஐரோப்பியர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விவரமாக எழுதிவைத்திருக்கிறார்கள். படகுக்குப் பத்துக் குளியாட்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் கடலுக்குள். அவர்கள் மேலே வந்து மூச்சு வாங்கும்போது மற்ற ஐவர் இறங்குவார்கள். குளியாள் கனமான கல்லில் கட்டிய கயிற்றுக் கண்ணியில் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கல்லோடு கல்லாக அடிக்குப் போவார். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். சிப்பி பொறுக்கும் வலைப்பை இன்னொரு கயிற்றில். ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிடம். கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் மேலே இருப்பவர் பையையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிவிட வேண்டும்.

மேலே நிற்பவருக்கு இது தவிர வேறு வேலை இல்லை. அவர் சிப்பி எண்ணுவதில்லை, பாய்மரத்தைப் பார்ப்பதில்லை. உள்ளங்கையில் கயிறு ஓடுவதை உணர்ந்துகொண்டே நிற்க வேண்டும், அவ்வளவுதான். கூலியும் அதற்கேற்பத்தான்: குளியாளுக்குக் கிடைத்த சிப்பியிலிருந்தே அவருக்கும் பங்கு. கீழே போனவர் சோர்ந்தால் மேலே இருப்பவரின் வருமானமும் சோரும். உறவு ஒரு பிணை, பங்கு இன்னொரு பிணை. இவற்றுக்கு மேலே பிரியாத கவனம்.

நடுவில் ஒரு வேடிக்கை. அந்தப் படகுகளில் பாதுகாப்புக்கென்று மதிக்கப்பட்ட இன்னொருவர் இருந்தார்: கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். மார்க்கோ போலோ காலத்தில் இருபதில் ஒரு பங்கு முத்து அவர்களுக்குப் போனதாக அவரே எழுதியிருக்கிறார். கடல்கட்டி வராமல் குளியாட்கள் இறங்க மறுத்ததால் ஆங்கிலேய அரசும் அவரை விட்டுவிட முடியவில்லை. நிஜமான பாதுகாப்பைக் கையில் பிடித்திருந்தவர் படகின் ஓரத்தில் பெயரில்லாமல் நின்றார். பாதுகாப்பின் தோற்றத்தைத் தந்தவருக்குத்தான் ஊர்வல மரியாதை.

இனி இன்றைய முறைக்கு வருவோம். அமெரிக்காவில் சாரணர் முகாம்களிலும் ஒய்.எம்.சி.ஏ. நீச்சல் வகுப்புகளிலும் பிள்ளைகளை ஜோடி ஜோடியாக நீரில் இறக்கும் வழக்கம் இருந்தது. 1943-இல் கூஸ்தோவும் கான்யானும் மூச்சுக்கருவியை உருவாக்கிய பிறகு, 1950-களில் ஸ்கூபா பொதுமக்களின் பொழுதுபோக்காகப் பரவியபோது, அந்த வழக்கம் அப்படியே கடலுக்குள்ளும் வந்தது. பிரிட்டனின் ஸ்கூபா கிளப் 1953-இலும், இன்று உலகெங்கும் கடை விரித்திருக்கும் 'பாடி' (PADI) பயிற்சி நிறுவனம் 1966-இலும் தொடங்கின. இரண்டுமே இந்த விதியை அடித்தளமாக வைத்தன. நம் ஊரும் இதில் ரொம்பப் பின்தங்கிவிடவில்லை. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மகாதேவனும் நாகப்பன் நாயரும் முத்துப்படுகைகளில் ஸ்கூபாவோடு இறங்கிப் பார்த்தவற்றை 1960-களிலேயே ஆய்வுக் கட்டுரைகளாக எழுதிவிட்டார்கள். 1961-இல்தான் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பும் நடந்தது. கயிறு முடிந்த இடத்தில் சிலிண்டர் தொடங்கியது என்று சொல்லலாம்.

கூட்டாளி முறைக்கு உள்ள பலம் சாதாரணமானதல்ல. கணக்கே சொல்லும். நிதானமாக மூச்சுவிடும் ஒருவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 லிட்டர் காற்றை இழுக்கிறார் என்று வையுங்கள். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு. அங்கே அதே மூச்சுக்கு 60 லிட்டர் போகும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் மொத்தம் 2400 லிட்டர், அதாவது நாற்பது நிமிடம். பயம் வந்தால் பாதிகூட ஆகாது. நிலத்தில் காற்று முடிந்துபோவது என்ற ஒன்றே கிடையாது. கீழே அது முள் காட்டும் எண். முள் பூஜ்ஜியத்துக்கு வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாயவும் முடியாது. அழுத்தம் குறையக் குறைய நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரிந்து அதையே கிழித்துவிடும். அந்த நேரத்தில் கை எட்டும் தூரத்தில் இன்னொரு சிலிண்டரும், அதில் தொங்கும் இரண்டாவது மூச்சுக்குழாயும், அதை எடுத்து நீட்டத் தெரிந்த ஒருவரும் இருந்தால் பிழைத்தோம். மீன்வலை காலில் சிக்கினால் அறுத்துவிட, முதுகுப்பக்கம் காற்று கசிவதைப் பார்த்துச் சொல்ல, குளிரில் தடுமாறுபவரைக் கண்டு மேலே கூட்டிப்போக - எதற்கும் இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். நம் முதுகை நாமே பார்க்க முடியாதே.

விதி என்ற அளவில் இதில் குறை இல்லை. யாரைக் கூட்டாளியாகக் கொடுக்கிறார்கள் என்ற இடத்தில்தான் வண்டி குடைசாய்கிறது.

கிழக்குக் கரையில் ஒரு காலைப் படகு. உப்புப் பிடித்த தார்ப்பாய்க்குக் கீழே எட்டுப் பத்துப் பேர், டீசல் புகை, ஒருவருக்கு ஏற்கெனவே குமட்டல். வழிகாட்டித் தம்பி தாளைப் பார்த்துப் பெயர் படிக்கிறார். "அண்ணாச்சி, நீங்களும் அந்த நீல ஜாக்கெட் சாரும் ஒண்ணு." நீல ஜாக்கெட் சார் கைகொடுத்தார். கொடுக்கும்போதே இன்னொரு கையில் கேமராக் குச்சியைச் சரிசெய்துகொண்டிருந்தார். "கடைசியா எப்ப முங்கினீங்க சார்?" என்றேன். "அட, கார்டு இருக்கு சார், பார்த்துக்கலாம்" என்றார். இறங்கும் முன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிக்க வேண்டும்: ஜாக்கெட்டில் காற்று ஏறுகிறதா, எடைப் பட்டை சரியா, பக்கிள்கள் எங்கே, சிலிண்டர் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா. நான் அவருடையதைத் தொட்டுப் பார்த்தேன். என்னுடையதை அவர் பார்க்கவில்லை. நானே கையைப் பிடித்து வால்வைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்தினார். கடலுக்குள் அந்தச் சைகைக்கு 'மேலே போவோம்' என்று பொருள்.

கீழே கலங்கல். ஐந்தாறு மீட்டருக்கு அப்பால் பச்சைத் திரை. அவர் ஒரு மீன்கூட்டத்தைக் கண்டதும் குச்சியை நீட்டிக்கொண்டு போனார். துரத்திக்கொண்டு நான். அவர் ஃபின் அடித்ததில் அடிமண் கிளம்பி எனக்கு அவர் குதிகால் மட்டும் தெரிந்தது. அடுத்த உதையில் அந்தக் குதிகால் என் மாஸ்க்கில். காற்று எவ்வளவு என்று கேட்க, உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினேன். அவர் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே விரலை வளைத்து 'ஓகே' காட்டினார். மறுபடி கேட்டேன், மறுபடி ஓகே. கேஜைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் 70 பார். என்னுடையது 120-க்கு மேல். எண் கேட்டால் ஓகே சொல்லும் கூட்டாளியிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? படகில் ஏறியதும் மாஸ்க்கைக் கழற்றி, "செம டைவ் சார்!" என்றார். அவருக்கு உண்மையிலேயே செம டைவ்தான். முழு நேரமும் ஒருவர் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

இவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருடத்தில் ஒருமுறை விடுமுறைக்கு வருபவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கேமரா வாங்கியவர். அடிப்படைப் பயிற்சி மூன்று நான்கு நாள்; கடலில் நான்கு முறை இறங்கிக் காட்டினால் 18 மீட்டர் வரை போக அட்டை கிடைக்கும். அந்த அட்டைக்குக் காலாவதித் தேதி கிடையாது. பத்து வருடம் முன்பு வாங்கியதும் இன்று காலை வாங்கியதும் படகில் ஒரே மதிப்பு. கடல்கட்டியின் மந்திரத்தைக் கேலி செய்ய நமக்கு வாயில்லை.

அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் திறமையில் மட்டும் இருந்தால் சமாளித்துவிடலாம். பிரச்சினை முறையின் அடியிலேயே இருக்கிறது. கயிறு பிடித்தவருக்கு ஒரு வேலை. ஸ்கூபாக் கூட்டாளிக்கு மூன்று: தன் உயிரைப் பார்க்க வேண்டும், தான் காசு கொடுத்துப் பார்க்க வந்த கடலைப் பார்க்க வேண்டும், பிறகு என்னைப் பார்க்க வேண்டும். அந்த வரிசையிலேயே நடக்கும். என் பக்கமும் அதேதான். இரண்டு பேரும் குளியாட்கள், இரண்டு பேரும் கயிறு பிடிப்பவர்கள் என்று ஏட்டில் எழுதிவிட்டோம். கடலுக்குள் இரண்டு குளியாட்கள் மட்டும் இருக்கிறார்கள்.

விபத்துப் பதிவுகளும் இதைத்தான் காட்டுகின்றன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஸ்கூபா மரணங்களை எட்மண்ட்ஸும் வாக்கரும் 1980-களின் இறுதியில் ஆராய்ந்தார்கள். இறந்தவர்களில் கடைசி நேரத்தில் கூட்டாளி பக்கத்திலேயே இருந்தவர்கள் 14 சதவீதம்தான். மற்றவர்களில் பலர் கூட்டாளியோடு இறங்கியவர்களே. நடுவழியில் பிரிந்தார்கள், அல்லது பிரச்சினை வந்த பிறகு பிரிந்தார்கள். 2008-இல் டெனோபிள் குழு 947 மரணங்களை அலசியது. காரணம் கண்டறிய முடிந்தவற்றில் சங்கிலியின் முதல் கண்ணி காற்று தீர்ந்தது என்பது 41 சதவீதம். மேலோட்டமாகப் படித்தால், 'கூட்டாளியைப் பிரியாதே' என்று பாடம் எடுக்கத் தோன்றும். நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். பக்கத்தில் இருக்கும்போது இந்த முறை பெரும்பாலும் வேலை செய்கிறது; ஆனால் பக்கத்தில் இருக்க வைப்பதற்கு இந்த முறையிடம் எந்த வழியும் இல்லை. கயிறு அறுந்தால்தான் பிரிவு வரும். கவனம் சிதற ஒரு மீன் போதும்.

அப்படியானால் மச்சினனையே கூட்டிக்கொண்டு போகலாமா? இங்கே பழைய நம்பிக்கைக்கும் ஒரு அடி விழுகிறது. 2003 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் யோங்காலா கப்பல் சிதைவில், தேனிலவுக்கு வந்திருந்த அமெரிக்கப் பெண் ஒருவர் இறந்தார். கூட்டாளி அவர் கணவர். கணவருக்கு மீட்புப் பயிற்சி அட்டை இருந்தது, மனைவி புதியவர். அவர் மூழ்கியபோது கணவர் உதவி தேடி மேலே போனார். விசாரணை நெடுநாள் இழுத்தது. 2009-இல் குவீன்ஸ்லாந்து நீதிமன்றத்தில், கூட்டாளிக்குரிய கடமையைச் செய்யவில்லை என்ற அடிப்படையில், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டு சிறை போனார். பிறகு அமெரிக்காவில் போடப்பட்ட கொலை வழக்கு ஆதாரம் போதாமல் 2012-இல் தள்ளுபடியானது. அவருடைய மனதில் என்ன இருந்தது என்பதை நீதிமன்றங்களுக்கே விட்டுவிடுவோம். நமக்கு இங்கே வேண்டியது ஒன்று: தாலி கட்டிய உறவும், பெரிய அட்டையும் சேர்ந்து இருந்தும் அந்தப் பெண்ணுக்கு அது கயிறாகவில்லை.

ஆக, உறவு என்பது உத்தரவாதம் மட்டும்தான், திறமை அல்ல. ஜப்பானில் 'ஆமா' எனப்படும் முத்துக்குளிப்புப் பெண்களில் ஒரு பிரிவினர் கணவரோடு படகில் போவார்கள். கணவர் மேலே நின்று கயிற்றை இழுப்பார். அங்கேயும் காப்பாற்றுவது திருமணம் அல்ல, அவர் இறங்காமல் மேலேயே நிற்பது. மச்சினன் கதையை நாம் இத்தனை நாள் பாசக் கதையாகக் கேட்டுவந்தோம். அது ஒரு வேலைப் பிரிவினைக் கதையும்கூட.

பழைய முறையைப் புகழ்ந்துகொண்டே போகவும் கூடாது. கயிற்றின் கீழ்முனையில் இருந்தவர் யார் என்று பார்க்க வேண்டும். கொற்கை முத்துப்படுகைகளில் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ் சொல்கிறது. பிற்காலத்தில் குளித்து எடுத்த சிப்பியில் பெரும் பங்கு அரசுக்குப் போனது. காதில் ரத்தம் வடிந்தது குளியாளுக்கு. மேலே நிற்பவர் எவ்வளவு ஒழுங்காக நின்றாலும் அந்த அநியாயம் அப்படியே இருந்தது. இன்றைக்குத் தூத்துக்குடிப் பக்கம் சங்குகுளிக்கும் தொழிலாளர்களையும் பாருங்கள். கல்லும் கயிறும் போய் கம்பரசரும் டியூபும் வந்துவிட்டன. பெயிண்ட் அடிக்கவும் டயருக்குக் காற்றடிக்கவும் செய்யப்பட்ட இயந்திரம் படகில் ஓடும். நீளமான குழாய் வழியே கீழே மூச்சு. மேலே ஒருவர் இயந்திரத்தையும் குழாயையும் பார்த்துக்கொள்கிறார். குழாய் மடங்காமல், எண்ணெய் தீராமல், புகை காற்றிழுக்கும் வாய்க்குள் போகாமல் பார்ப்பது அவர் வேலை. ஒரே வேலை என்ற பழைய நல்ல குணம் இங்கே தொடர்கிறது. ஆனால் மூச்சடக்கி முங்கியவருக்கு ஒன்றரை நிமிடத்தில் உடம்பே மேலே துரத்தியது. இப்போது மணிக்கணக்கில் கீழே இருக்கலாம். ரத்தத்தில் நைட்ரஜன் சேர்ந்து மூட்டையும் முதுகுத்தண்டையும் முடக்குவதை மேலே நிற்பவர் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் தடுக்க முடியாது. நல்ல கூட்டாளி மோசமான கருவிக்கு ஈடாகமாட்டார்.

சுற்றுலாவில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அந்தமான் ஹேவ்லாக்கிலோ புதுச்சேரியிலோ முர்தேஷ்வர் பக்கம் நேத்ராணியிலோ முதன்முதலாக 'ட்ரை டைவ்' போகும் ஒருவரைக் கவனியுங்கள். நீச்சல்கூடத் தெரியாது. பின்னால் ஒரு பயிற்றுநர் சிலிண்டரைப் பிடித்தபடியே அவரைப் பொம்மை மாதிரி நகர்த்திக்கொண்டு போகிறார். அந்தப் பயிற்றுநர் மீன் பார்ப்பதில்லை. அவர்தான் கயிறு. அந்த வாடிக்கையாளர் அசல் மச்சினன் கையில் இருக்கிறார். அவரே பயிற்சி முடித்து அட்டை வாங்கிய மறுநாள், கயிறு போய், நீல ஜாக்கெட் சார் வந்துவிடுகிறார். ஒன்றும் தெரியாதவருக்கு முழுப் பாதுகாப்பு, கொஞ்சம் தெரிந்தவருக்குக் குலுக்கல் சீட்டு.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கம் கமலைக் கிணற்றில் குதித்து நீந்தப் பழகிய பையனுக்குத் தண்ணீரிடம் பயம் கிடையாது. கிணற்றில் விழுந்த வாளியை முங்கி எடுத்தவன். அந்தத் தைரியம் கடலில் அவனுக்கு உதவியும் செய்யும், ஆளையும் கவிழ்க்கும். கிணற்றில் நீரோட்டம் இல்லை. படிக்கட்டில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூச்சுத் திணறினால் ஒரு உந்து உந்தி மேலே வந்துவிடலாம். 18 மீட்டரில் அந்த உந்துதான் எமன். பயமில்லாத கூட்டாளியைவிட, கேஜை அடிக்கடி பார்க்கும் பயந்தாங்கொள்ளிக் கூட்டாளி எனக்கு மேல்.

இந்தக் குறைகளைக் கண்டு சலித்தவர்கள் எடுத்த வழி தனி முங்கல். எஸ்.டி.ஐ. என்ற பயிற்சி நிறுவனம் 1999-இல் இதற்கென்றே ஒரு வகுப்பைத் தொடங்கியபோது, தலையில் அடித்துக்கொண்டவர்கள் பலர். பிறகு 'பாடி'யும் தன்னிறைவு முங்கல் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. 100 டைவ் முடித்திருக்க வேண்டும், இரண்டாவது காற்று மூலத்தைத் தன்னோடு சுமக்க வேண்டும். மோசமான கூட்டாளியைவிடத் தனிமை மேல் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன காலையில் நான் தனியாக இருந்திருந்தால் என் மாஸ்க்காவது பிழைத்திருக்கும். ஆனால் மயக்கம், மாரடைப்பு, வலைச்சிக்கல் இவற்றுக்கு இரண்டாவது சிலிண்டர் பதில் சொல்லாது. தனி முங்கலில் எனக்குப் பிடித்தது அதன் முடிவு அல்ல, அதன் பயிற்சி. கூட்டாளி இல்லை என்று வைத்துக்கொண்டு தயாராவது. அப்படித் தயாரானவர்கள்தான் நல்ல கூட்டாளிகளாகவும் இருக்கிறார்கள்.

இதைக் கணக்கிலும் காட்டலாம். 50 பாரில் மேலே வரத் தொடங்க வேண்டும் என்று பல படகுகளில் சொல்வார்கள். 12 லிட்டர் சிலிண்டரில் அது 600 லிட்டர். 20 மீட்டரில் இரண்டு பேர் அதைப் பகிர்ந்தால், இருவரும் நிதானமாக இருந்தால்கூட, நிமிடத்துக்கு 120 லிட்டர்; ஐந்து நிமிடம். மேலே ஏற இரண்டு நிமிடத்துக்கு மேல், ஐந்து மீட்டரில் நிற்க வேண்டியது மூன்று நிமிடம். ஏற ஏறச் செலவு குறையும் என்பதால் சரியாகப் போய்ச் சேரலாம். கூட்டாளியிடம் 30 பார்தான் இருந்தது என்றால், கீழே கொஞ்சம் தாமதித்தாலே அந்த நிறுத்தம் போயிற்று. அவர் கேஜில் இருக்கும் எண் என்னுடைய எண்ணும்தான். அவர் எனக்கு ஓகே காட்டியபோது பொய் சொன்னது தன்னைப் பற்றி மட்டும் அல்ல.

கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கி முங்கும் ஹேன்யோ பெண்களிடம் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற மரபு அது. தேர்ச்சியைப் பொறுத்து மேல், நடு, கீழ் என்று மூன்று தரம். கூட்டமாகத்தான் கடலுக்குப் போகிறார்கள். தரம் யாருக்கு எது என்பதில் மறைவும் இல்லை, மனவருத்தமும் இல்லை. நம் படகுகளில் தரம் கேட்பதே மரியாதைக்குறைவு ஆகிவிட்டது. "எத்தனை முறை முங்கியிருக்கீங்க?" என்று கேட்டால் சாதி கேட்டது மாதிரி முகம் சுருங்குகிறது. காசு கொடுத்த வாடிக்கையாளரை யார் கீழ்த்தரம் என்று சொல்வது என்ற தயக்கம் கடைக்காரருக்கு. சக பயணியை மூஞ்சியில் அடித்தாற்போல் எப்படி மறுப்பது என்ற தயக்கம் நமக்கு. அன்று படகில், அடுத்த இறக்கத்துக்கு வேறு ஆளோடு போடுங்கள் தம்பி என்று நான் சொன்னபோது, வழிகாட்டிக்கு வந்த சங்கடம் எனக்குக் கடலுக்குள் வந்த சங்கடத்தைவிடப் பெரிதாக இருந்தது. நீல ஜாக்கெட் சாரிடமும் கேஜ் விஷயத்தைச் சொன்னேன். "ஓ, அதுக்கா தட்டினீங்க?" என்றார். சைகையே அவருக்கு மறந்துபோயிருந்தது. பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. கரையில் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் முழுவதும் முடிந்திருக்கும்.

அந்த இரண்டு நிமிடத்தில் பேச வேண்டியது அதிகமில்லை. காற்று எவ்வளவு என்றால் விரலால் எண் காட்ட வேண்டும், ஓகே காட்டக் கூடாது. யார் முன்னால், யார் எந்தப் பக்கம் என்பது முடிவாக வேண்டும். கேமரா இருந்தால் கேமரா இல்லாதவர் வேகத்துக்குப் போக வேண்டும். பிரிந்தால் ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வந்துவிட வேண்டும். யார் வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், எந்த நேரத்திலும் முடித்துக்கொள்ளலாம். எவ்வளவு நெருக்கம் என்று கேட்பார்கள். எங்கள் ஊர்ச் சிந்தாமணிநாதர் கோயில் அர்த்தநாரீஸ்வரர் அளவுக்கு யாரும் ஒட்டச் சொல்லவில்லை. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, ஒரு மூச்சும் இல்லாமல், எவ்வளவு தூரம் நீந்தி அவர் தோளைத் தொட முடியும் என்று கரையிலேயே யோசித்துப் பாருங்கள். கலங்கலான நம் கடலில் அது இரண்டு மீட்டருக்கு மேல் இல்லை.

என் தீர்ப்பு இதுதான். கூட்டாளி முறையை விட்டுவிட வேண்டியதில்லை. படகில் பெயர் படித்து ஜோடி சேர்ப்பதைத்தான் விட வேண்டும். முறை நல்லது, நியமனம் மோசம். முத்துக்குளித்துறைக்காரர்கள் கயிறு பிடிக்க ஆள் தேர்ந்தெடுத்த அக்கறையில் பத்தில் ஒரு பங்குகூட இன்று காட்டப்படுவதில்லை. அதற்குப் பெரிதாகக் காசும் செலவாகாது. பழக்கப்படாத இருவருக்குத் தனியாக ஒரு வழிகாட்டி, லாக் புத்தகத்தைப் பார்த்து ஜோடி, ஒரு வருடத்துக்கு மேல் இறங்காதவருக்கு ஆழமில்லாத இடத்தில் முதலில் ஒரு சோதனை முங்கல்: இவ்வளவு செய்யும் கடைகளும் இருக்கின்றன.

விடுமுறைக்கு அந்தமானோ புதுச்சேரியோ கிளம்பும் நம்மூர்ப் பிள்ளைகள், பணம் கட்டும் முன் ஃபோனில் ஒரு கேள்வி கேளுங்கள்: கூட்டாளி சரியில்லை என்றால் மாற்றித் தருவீர்களா? "அதெல்லாம் அங்க வந்து பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள். படகில் ஏறிய பிறகுதான் தெரியவந்தது என்றால், இறங்காமல் உட்கார்ந்துகொள்ளுங்கள். பணம் போகும், போகட்டும்.